முழங்கை வலி: எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா?

முழங்கை வலிக்கிறது என்று போனால், "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" என்கிறார் மருத்துவர். ஸ்கேன் சென்டரில் விசாரித்தால் எக்ஸ்ரேக்குச் சில நூறு ரூபாய், அல்ட்ராசவுண்டுக்கு அதைவிடச் சில மடங்கு, எம்.ஆர்.ஐ.க்குப் பல ஆயிரம். "எடுக்கிறதே எடுக்கிறோம், பெரிய ஸ்கேனாவே எடுத்துடலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். "எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருந்தா போதும்" என்பார் இன்னொருவர். பல நேரங்களில் இரண்டு யோசனையுமே தப்பாகிவிடுகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தசைநாண், நரம்பு, மூட்டில் கோத்த நீர் ஆகியவற்றைப் பார்க்க முழங்கையில் அல்ட்ராசவுண்ட் மிக நல்ல சோதனை. நம் ஊரில் அதற்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் என்ன தேட வேண்டும் என்று தெரியாமல் எடுத்தால், மூன்றிலும் அதிகமாக ஏமாற்றுவதும் அதுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி, சந்தேகம் எதன்மேல்? முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. அவற்றைப் பிணைக்கும் ஜவ்வு, தசையை எலும்பில் கட்டும் தசைநாண், எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு, மூட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகும் மூன்று பெரிய நரம்புகள், முழங்கையின் பின்பக்கம் தோலுக்கடியில் இருக்கும் நீர்ப்பை என எல்லாமே கைப்பிடி அளவு இடத்துக்குள் நெருங்கி இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே தெளிவில் காட்டும் படம் கிடையாது.

இரண்டாவது, படத்தில் வரும் பதில் சிகிச்சையை மாற்றுமா? எது வந்தாலும் ஓய்வும் உடற்பயிற்சியும்தான் என்றால், அந்தப் படத்தை இன்று எடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது, கை சும்மா இருக்கும்போது தொந்தரவா, அசைக்கும்போது மட்டுமா? இதைப் பலரும் யோசிப்பதில்லை. மடக்கும்போது மட்டும் "டக்"கென்று நழுவும் நரம்பை, கையை அசையாமல் வைத்து எடுக்கும் படம் காட்டாது.

அப்புறம், படத்தை எடுப்பவரும் படிப்பவரும் யார் என்பதும், முதல் படம் போதாமல் இரண்டாவது எடுக்க நேர்ந்தால் ஆகும் மொத்தச் செலவும். குழந்தை என்றால் கணக்கே வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

## படமே எடுக்காமல் இருப்பது

இதையும் ஒரு தேர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முழங்கை வலியில் மிகவும் சகஜமான ஒன்றுக்கு இதுதான் சரி. முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பு மேட்டில் வலி. டம்ளரைத் தூக்கினால், துணியைப் பிழிந்தால், கை குலுக்கினால் சுருக்கென்று இழுக்கிறது. இதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். 2004-இல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்தபோது ஊரெல்லாம் இந்தப் பெயர் பரவியது. ஆனால் இது வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. ஸ்பேனர் பிடிக்கும் மெக்கானிக், பெயின்டர், தச்சர், நாள் முழுக்கப் பாத்திரமும் துணியும் பார்ப்பவர்கள் என முன்கையைத் திரும்பத் திரும்ப முறுக்கும் யாருக்கும் வரலாம். முப்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் அதிகம்.

மணிக்கட்டைப் பின்பக்கமாக உயர்த்தச் சொல்லி, மருத்துவர் எதிர்த்து அழுத்தும்போது அதே மேட்டில் வலித்தால் நோய் ஏறக்குறைய உறுதி. எக்ஸ்ரே அநேகமாகச் சாதாரணமாகவே இருக்கும். அல்ட்ராசவுண்டில் தசைநாண் தடித்து, கறுத்துத் தெரியும். ஆனால் வலியே இல்லாத பலரின் முழங்கையிலும், அதுவும் நாற்பது தாண்டியவர்களிடம், அதே மாற்றம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் "பகுதிக் கிழிசல்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கையையே உபயோகிக்கப் பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தானாகவே ஆறக்கூடிய ஒன்றுக்கு அந்தப் பயம் பெரிய விலை. டென்னிஸ் எல்போவில் பெரும்பாலானவை ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. படத்தில் ஏதாவது தெரிந்தால், அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி வரும். பெரும்பாலும் அது ஸ்டீராய்டு ஊசியில் முடியும். முதல் சில வாரங்கள் ஊசி அற்புதமாக வேலை செய்யும். ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டால், ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, எப்போது படம் வேண்டும்? மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குறையவில்லை, வலி மேட்டில் இல்லாமல் அதற்குக் கீழே சதைக்குள் இருக்கிறது, விரல்களை நிமிர்த்துவதில் பலம் குறைகிறது, இரவில் தூங்கவிடாமல் வலிக்கிறது என்றால் படம் எடுக்கலாம். அப்போதும் கழுத்திலிருந்து வரும் நரம்பு வலியா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

## எக்ஸ்ரே

விழுந்து அடிபட்ட முழங்கைக்கு இதற்கு இணை இல்லை. ஐந்து நிமிட வேலை, தாலுகா மருத்துவமனையிலேயே எடுக்கலாம். கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: ஒரு முழங்கை எக்ஸ்ரேயில் கிடைப்பது, நாம் சும்மா இருக்கும்போதே இயற்கையிலிருந்து சில மணி நேரத்தில் வாங்கிக்கொள்ளும் அளவுதான்.

எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாவிட்டாலும், படத்தைப் படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு ஒரு தடயம் கிடைக்கும். மூட்டின் பின்பக்கக் குழியில் ஒளிந்திருக்கும் கொழுப்புத் திட்டு, மூட்டுக்குள் இரத்தம் சேர்ந்தால் வெளியே தள்ளப்பட்டுப் படத்தில் கறுப்பாகத் தெரியும். அடிபட்டவருக்கு அது தெரிந்தால், முறிவு கண்ணில் படாவிட்டாலும் இருப்பதாகவே வைத்துக் கட்டுப்போட்டு, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி படம் எடுப்பார்கள். முறிவு மூட்டுக்குள் போயிருந்து அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட வேண்டுமென்றால், எக்ஸ்ரேயைக் கொண்டே எலும்பைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் சேரும்.

எக்ஸ்ரேயின் மறைமுகச் செலவு, அது தரும் பொய்யான நிம்மதி. "எலும்பு ஒண்ணும் ஆகல" என்றால் தசைநாணோ ஜவ்வோ அறுபடவில்லை என்று அர்த்தம் ஆகாது. அவற்றை எக்ஸ்ரே காட்டுவதே இல்லை.

## அல்ட்ராசவுண்ட்

வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும்தான் இந்த ஸ்கேன் என்றே நம்மில் பலருக்குப் பழக்கம். ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவதுதான் அல்ட்ராசவுண்ட். வயிற்றைப் பார்க்க ஆழமாகப் போகும் குறைந்த அதிர்வெண் ஒலி வேண்டும். முழங்கையில் பார்க்க வேண்டியவை தோலிலிருந்து ஓரிரண்டு சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதால், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதிர்வெண் கொண்ட, தட்டையான முனையுள்ள கருவியை வைக்கலாம். அதிர்வெண் கூடக்கூட நுணுக்கமும் கூடும். தசைநாணின் இழைகளைத் தனித்தனிக் கோடுகளாகவே பார்க்க முடியும்.

இதன் பெரிய பலம், கையை அசைத்துக்கொண்டே பார்க்க முடிவது. முழங்கையின் உட்பக்கம் எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் அல்நர் நரம்பு ஓடுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடிப்பதுபோல் சுண்டுவிரல்வரை பாய்வது இதனால்தான். கையில் நரம்பு நசுங்கும் இடங்களில் மணிக்கட்டுக்கு அடுத்தபடி அதிகம் நசுங்குவது இங்கே. சிலருக்குக் கையை மடக்கும்போது இந்த நரம்பு மேட்டைத் தாண்டி முன்னால் நழுவி, நீட்டும்போது திரும்பும். மருத்துவர் கையை மடக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால், நழுவுவதை அந்தக் கணமே பார்க்கலாம். நரம்போடு தசையின் ஓரமும் சேர்ந்து நழுவுகிறதா என்பதும் தெரியும். அறுவை சிகிச்சை செய்வதானால் இந்த வித்தியாசம் முக்கியம். வலி இல்லாத சிலருக்கும் நரம்பு நழுவுவது உண்டு என்பதால், படத்தை அறிகுறியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரல் பாதியும் மரத்துப்போய், விரல்கள் மடங்க ஆரம்பித்தால், பள்ளத்தில் நரம்பு நசுங்கியது ஒரு காரணம். தொழுநோய் இன்னொரு காரணம். அந்தக் கிருமி கைகளில் அதிகம் தாக்குவது இதே நரம்பைத்தான். நசுங்கிய நரம்பு பள்ளத்தை ஒட்டி வீங்கும். தொழுநோயில் பெரும்பாலும் மேட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலே, நீளமாகத் தடித்திருக்கும். அல்ட்ராசவுண்ட் கருவியை மேல்கைவரை நகர்த்திக்கொண்டே போனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், சீக்கிரம் தொடங்கினால் விரல்களைக் காப்பாற்றிவிடலாம். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் ஸ்கேன் எடுப்பவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நரம்புதான் போகும்.

அடுத்தது பைசெப்ஸ், அதாவது மேல்கையின் முன்பக்கத் தசையின் தசைநாண். நாற்பது, ஐம்பது வயது ஆண் ஒருவர் சிமென்ட் மூட்டையையோ பீரோவையோ தூக்கும்போது முழங்கையின் முன்மடிப்பில் "பட்"டென்று ஒரு சத்தம், அப்புறம் இரத்தக்கட்டு. தசை மேலே சுருண்டு திரண்டுவிடும். முழுசாக அறுந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்துக்குள் தைத்துவிடுவது நல்லது. தள்ளிப்போனால் தசைநாண் சுருங்கி ஒட்டிக்கொண்டு அறுவை சிகிச்சை கடினமாகிவிடும். எம்.ஆர்.ஐ.க்கு அடுத்த வாரம்தான் நேரம் என்றால் அதற்காகக் காத்திருக்காமல், அன்றைக்கே அல்ட்ராசவுண்ட் எடுப்பது இங்கே பெரிய லாபம். ஆனால் பாதி கிழிந்த பைசெப்ஸை அல்ட்ராசவுண்டில் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அந்தத் தசைநாண் சாய்வாக ஆழத்துக்குள் இறங்கி எலும்பைப் பற்றுகிறது. அங்கே எம்.ஆர்.ஐ. மேல்.

மூட்டிலோ பின்பக்க நீர்ப்பையிலோ கோத்திருக்கும் நீரை அல்ட்ராசவுண்ட் கொஞ்சம் இருந்தாலும் காட்டிவிடும். யூரிக் அமிலம் கூடி மூட்டில் படியும் கவுட் நோயில், குருத்தெலும்பின் மேல் படிந்த உப்புப் படிகங்கள் தனிக் கோடாக மின்னும். நீர் சீழா இல்லையா என்று மட்டும் படம் சொல்லாது. அதற்கு ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும், ஊசி போகும் பாதையைத் திரையில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். உடம்பில் உலோகத் தகடு, பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் தடையில்லை.

இனி குறைகள். ஒலி எலும்பின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். எலும்புக்குள்ளும் அதற்குப் பின்னாலும் இருப்பது தெரியாது. மூட்டின் ஆழத்தில் இருக்கும் குருத்தெலும்பில் பாதிக்கு மேல் மறைந்துதான் இருக்கும். இன்னொரு குறை, எடுப்பவரின் கையைப் பொறுத்தது. பட்டுப்புடவையைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறித் தெரிவதுபோல, கருவி கொஞ்சம் சாய்ந்தாலே நல்ல தசைநாணும் கறுப்பாகத் தெரியும், கிழிசல் என்றே தோன்றும். அனுபவமுள்ளவர் கருவியை ஆட்டிப் பார்த்து, கறுப்பு மறைகிறதா நிலைக்கிறதா என்று உறுதி செய்வார். நாள் முழுக்க வயிறு ஸ்கேன் மட்டும் பார்ப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. ஸ்கேன் சென்டர் வாசலில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1994-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, முழங்கை மட்டுமே பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியையும் பதிவு செய்தாக வேண்டும். பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது, அவசியமானது. ஆனால் அதன் விளைவாக எலும்பு மருத்துவர் தன் மேசையிலேயே கருவியை வைத்துக்கொண்டு, கையை அழுத்திப் பார்க்கும்போதே ஸ்கேனும் பார்ப்பது இங்கே அபூர்வம். ஜப்பானில் பேஸ்பால் ஆடும் சிறுவர்களின் முழங்கையை மைதானத்துக்கே கருவியோடு போய்ச் சோதிக்கிறார்கள். இங்கே கையைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர், ஸ்கேன் எடுப்பவர் வேறொருவர், இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு சீட்டு. அதில் "முழங்கை வலி" என்று மட்டும் இருந்தால், பதிலும் அதே அளவுக்குத்தான் வரும். பிறகு எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டிவந்தால் இரட்டைச் செலவு.

## எம்.ஆர்.ஐ.

எலும்பின் உட்புறம், குருத்தெலும்பு, மூட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் துண்டு, ஆழத்து ஜவ்வு என அல்ட்ராசவுண்டுக்கு எட்டாததெல்லாம் இதற்கு எட்டும். மூட்டு திடீரென்று பூட்டிக்கொள்வது, பந்தோ ஈட்டியோ எறிகிறவர்களின் உட்பக்க வலி, பதின்ம வயதில் எலும்பு முனையில் குருத்தெலும்போடு ஒரு பகுதி பெயர்வது ஆகியவற்றில் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டிவரும். எறியும் விளையாட்டு முழங்கையை எவ்வளவு சோதிக்கும் என்பதற்கு, ஈட்டி எறியும் நீரஜ் சோப்ரா 2019-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததே சாட்சி.

சிரமங்களைச் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம்; முழங்கை அதன் நடுவில் வர, குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்வார்கள். தோள் இறுகிய பெரியவர்களுக்கு அது வேதனை, கை ஆடினால் படம் கலங்கிவிடும். முழங்கையில் ஏற்கெனவே தகடு வைத்திருந்தால் அதைச் சுற்றிப் படம் சிதையும். பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பணம் தருவதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் எம்.ஆர்.ஐ. மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. தனியாரில் பணம் கட்டும் முன் அங்கே ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

## குழந்தையின் முழங்கை

பிறந்த குழந்தைக்கு முழங்கை எலும்புகளின் முனை எல்லாமே குருத்தெலும்புதான். முதல் முனை ஒரு வயதை ஒட்டி எலும்பாகத் தொடங்கி, கடைசி முனைக்குப் பதினோரு வயது ஆகிவிடும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. அதனால் சிறு குழந்தையின் எக்ஸ்ரேயைப் படிப்பது தனித் திறமை; மறு கையோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். அந்தக் குருத்தெலும்பை அல்ட்ராசவுண்ட் காட்டும் என்பதால், சந்தேகமானால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குழந்தையை ஒரு கையால் பிடித்துச் சட்டென்று தூக்கியபின் அது கையைத் தொங்கவிட்டு அசைக்காமல் இருந்தால், விழவே இல்லை என்பது உறுதியானால், பெரும்பாலும் முன்கை எலும்பின் தலை, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஜவ்வு வளையத்திலிருந்து இலேசாக நழுவியிருக்கும். மருத்துவர் ஒரு திருப்பில் சரிசெய்துவிடுவார், படம்கூட வேண்டியதில்லை. விழுந்திருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் கையைத் திருப்பவோ இழுக்கவோ கூடாது.

விழுந்த குழந்தையின் முழங்கையில் எண்ணெய் போட்டு நீவிவிடுவதும், இறுக்கிக் கட்டுப்போடுவதும் இன்றும் நடக்கிறது. நீவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, முன்கைத் தசை செத்து, விரல்கள் நிரந்தரமாகச் சுருண்டுவிடலாம். தயவுசெய்து முதலில் எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போங்கள்.

## எந்தச் சந்தேகத்துக்கு எது?

| என்ன தொந்தரவு | முதலில் | போதாவிட்டால் |
|---|---|---|
| விழுந்து அடி, கையை நீட்ட முடியவில்லை | எக்ஸ்ரே | சி.டி. |
| வெளிப்பக்க மேட்டில் நாள்பட்ட வலி | படம் வேண்டாம், பயிற்சி | சில மாதம் கழித்து அல்ட்ராசவுண்ட் |
| சுண்டுவிரல் மரத்துப்போவது | அல்ட்ராசவுண்ட், நரம்பின் மின்சோதனை (நரம்பு சரியாகச் செய்தி கடத்துகிறதா என்று பார்ப்பது) | எம்.ஆர்.ஐ. |
| பளு தூக்கும்போது "பட்"டென்ற சத்தம் | அன்றைக்கே அல்ட்ராசவுண்ட் | எம்.ஆர்.ஐ. |
| மூட்டு பூட்டிக்கொள்வது | எக்ஸ்ரே | எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. |
| எறிபவரின் உட்பக்க வலி | எக்ஸ்ரே, அசைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் | எம்.ஆர்.ஐ. |

காய்ச்சலோடு மூட்டு சூடாகச் சிவந்து வீங்கினால் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அடிபட்ட பிறகு கை விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலும் அப்படித்தான். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

## அல்ட்ராசவுண்ட் என்று முடிவானால்

சீட்டில் வலி எந்தப் பக்கம், எத்தனை நாள், எதைத் தேட வேண்டும் என்று ஒரு வரி எழுதித்தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். "உட்பக்கம், மடக்கும்போது சுண்டுவிரல் மரக்கிறது, நரம்பு நழுவுகிறதா பார்க்கவும்" என்ற அளவு போதும். சென்டருக்குப் போன் செய்து, மூட்டு ஸ்கேன் வழக்கமாகப் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்து அந்த நாளில் போங்கள். ஸ்கேன் நடக்கும்போது வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள், எப்படி அசைத்தால் வலிக்கிறதோ அப்படி அசைத்துக் காட்ட அனுமதி கேளுங்கள். நன்றாக இருக்கும் மறு கையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம், பெரும்பாலும் தனிக் கட்டணம் கேட்க மாட்டார்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் படத்தையும் கொண்டுபோங்கள்.